பிரெஞ்சு மாப்பிள்ளை, கடலூர்ப் பெண்: கல்யாணப் பேப்பரும் விசாவும் எந்த வரிசையில்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. தங்கைக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். மாப்பிள்ளை புதுச்சேரி முத்தியால்பேட்டைக் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸ் பக்கம் வேலை. தை மாதம் திருவந்திபுரத்தில் கல்யாணம், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை கிளம்பும்போதே பெண்ணும் போக முடியுமா, இல்லையென்றால் டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாமா?

கூடவே போக முடியாது. டூரிஸ்ட் விசாவிலும் அனுப்ப வேண்டாம். 90 நாள் ஷெங்கன் விசாவை அங்கே போய் மனைவி விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகிறவர்கள், பெரும்பாலும் 90வது நாள் திரும்பி வந்து இங்கிருந்தே முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். புதிதாகக் கல்யாணமான பெண், கணவர் பிரான்ஸில், கையில் சுற்றுலா விண்ணப்பம் என்றால், இவர் திரும்பி வரமாட்டார் என்றுதான் விசா அதிகாரி நினைப்பார். அப்படிக் கிடைக்கும் மறுப்பு பிறகு கோப்பில் நிற்கும்.

பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கான நீண்டகால விசாவே கிடைக்கக்கூடியதுதான். விசா கட்டணம் கிடையாது, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும். கணவருக்கு இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற நிபந்தனையும் இந்த விசாவுக்கு இல்லை. மோசடித் திருமணம், செல்லாத திருமணம், பொது ஒழுங்குக்கு ஆபத்து என்ற காரணங்களுக்கு வெளியே மறுக்கக் கூடாது என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. நாள் போவது விசாவில் அல்ல, அதற்கு முந்தைய இரண்டு படிகளில். அந்த இரண்டையும் சரியான வரிசையில் செய்வதுதான் மொத்த வேலையும்.

முதல் படி தாலிக்கு முன்னால் வருகிறது. பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் கல்யாணம் செய்வதாக இருந்தால், திருமணத் தகுதிச் சான்று ஒன்றைத் தூதரகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். பிரெஞ்சில் ‘செர்த்திஃபிக்கா தெ கபாசித்தே அ மரியாழ்’. தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்துக்கும் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு துணைத் தூதரகம்தான். இருவரின் ஆவணங்களையும் கொடுத்த பிறகு, கல்யாண அறிவிப்பைத் தூதரகத்திலும், மாப்பிள்ளை குடியிருக்கும் ஊரின் மேரியிலும் 10 நாள் ஒட்டி வைப்பார்கள். மேரி என்றால் அங்குள்ள நகராட்சி. ஆட்சேபம் வரவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் சான்று கிடைக்கும். அறிவிப்பு ஓராண்டுக்குச் செல்லும் என்பதால் சீக்கிரம் விண்ணப்பித்து நஷ்டமடைய வழியில்லை. இப்போது ஆவணி நடக்கிறது. இந்த மாதமே ஆரம்பித்தால் தை முகூர்த்தத்தை மாற்ற வேண்டியிராது என்பது என் கணிப்பு. மார்கழியில் போய் நின்றால் நடக்காது.

இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். மாப்பிள்ளையை அங்கேயே, பெண்ணைப் புதுச்சேரியில். எப்படிப் பழக்கம், யார் பேசி முடித்தது, அவர் என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுபோல. வீட்டில் பார்த்து முடித்த சம்பந்தம் என்றால் அதை அப்படியே சொல்லிவிடுவதுதான் நல்லது. ‘காதல் கல்யாணம் என்றால்தான் நம்புவார்கள்’ என்று சில ஏஜென்டுகள் கதை எழுதிக் கொடுக்கிறார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஜாதகப் பொருத்தமும் நிச்சயதார்த்தமும் புதிதல்ல. இருவரும் சொல்லும் கதையில் ஓட்டை விழுந்தால்தான் கேஸ் கெடும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘கோயிலில் தாலி கட்டுவது சடங்குதானே, சட்டப்படி கல்யாணம் என்றால் பதிவு அலுவலகத்தில் நடப்பதுதானே, சான்று வந்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம்’ என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இந்துத் திருமணச் சட்டப்படி தாலி கட்டிய நாளே திருமண நாள். பதிவு என்பது நடந்ததை எழுதி வைப்பது மட்டும். பதிவுச் சான்றிதழிலேயே திருமணத் தேதி ஒரு கட்டத்திலும் பதிவுத் தேதி இன்னொரு கட்டத்திலும் இருக்கும். பிரெஞ்சுக்காரர் பார்ப்பது முதல் கட்டத்தை. அந்தத் தேதி தகுதிச் சான்றின் தேதிக்கு முந்தியது என்றால், சான்று வாங்காமல் செய்த கல்யாணம் என்றே கணக்கு. கல்யாணம் செல்லாமல் போகாது. ஆனால் விட்டுப்போன அறிவிப்பு, விசாரணை எல்லாவற்றையும் கல்யாணத்துக்குப் பிறகு செய்வார்கள். சந்தேகம் வந்தால் கோப்பு நான்ட் நகரத்து அரசு வழக்கறிஞரிடம் போகும். அவருக்கு முடிவெடுக்க 6 மாத அவகாசம் உண்டு. அதுவரை பெண் மஞ்சக்குப்பத்தில், மாப்பிள்ளை பாரிஸில்.

இருவருமே இந்துக்கள் என்றால் திருவந்திபுரத்தில் கல்யாணம், பிறகு கடலூரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. கோயில் ரசீது, பத்திரிகை, தாலி கட்டும் படம், இருவரின் வயது மற்றும் முகவரிச் சான்று, சாட்சிகள், மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையும், கூடவே அந்தத் தகுதிச் சான்று. வெளிநாட்டவருக்கு முன் கல்யாணம் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்கும் பதிவாளரிடம் அதுவே பதில். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு கட்டாயம், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. மாப்பிள்ளை வீடு முத்தியால்பேட்டை என்பதற்காகப் பதிவைப் புதுச்சேரியில் செய்யப் பார்க்க வேண்டாம். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனால் நிர்வாகம் வேறு. கல்யாணம் நடந்த இடம் கடலூர் மாவட்டம், பதிவும் அங்கேயே இருக்கட்டும்.

மாப்பிள்ளை வீடு கிறிஸ்தவக் குடும்பம் என்றால், அல்லது யாருக்காவது மதம் வேறு என்றால், 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதில் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். தங்கை கடலூரில் இருப்பதால் கடலூரில் கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுத்த பிறகு 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள், நோட்டீஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் திருமணம். பிரான்ஸில் சம்பள விடுமுறை ஆண்டுக்கு 5 வாரம். நோட்டீஸ் கொடுக்க ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு முறை என இரண்டு பயணமாகப் பிரித்தால்தான் கட்டுப்படியாகும். தங்கும் இடம் ஆரோவில் என்றால் இன்னொரு குழப்பம். ஆரோவிலின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரி அல்ல. அங்கே வீடு எடுத்துத் தங்கிவிட்டுப் புதுச்சேரியில் நோட்டீஸ் கொடுக்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

இனி பெயர். இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். தொந்தரவில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

நமக்கு இனிஷியல். அவர்களுக்குக் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம். தங்கையின் பெயர் மு. கலைச்செல்வி, அப்பா முருகன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கலைச்செல்வி மு’. ஆதாரில் ‘கலைச்செல்வி முருகன்’. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேம் கட்டத்தில் ‘கலைச்செல்வி’ மட்டும். இந்தியாவில் இந்த மூன்றும் ஒரே ஆள். பிரெஞ்சு எழுத்தருக்கு மூன்று பேர். சர்நேம் காலியான பாஸ்போர்ட்டோடு போனால் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், முதற்பெயர் இல்லாத மனுஷியாகிவிடுவாள். முதற்பெயர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத ஆன்லைன் படிவங்களோடு பிறகு காலமெல்லாம் மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஆகவே கல்யாணப் பதிவுக்கு முன்னால், தகுதிச் சான்றுக்கும் முன்னால், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர், கிவன் நேம் கட்டத்தில் சொந்தப் பெயர் என்று இனிஷியலை விரித்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். ஆதாரும் அதே எழுத்தில்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. நம் பக்கத்து முருகன் எம்-யூ-ஆர்-யூ-ஜி-ஏ-என். பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிய புதுச்சேரி முருகன் எம்-ஓ-யூ-ஆர்-ஓ-யூ-ஜி-ஏ-என்-ஈ. பிரெஞ்சில் ‘உ’ ஓசைக்கு ஓ-யூ போட வேண்டும், கடைசி ‘ன்’ மூக்கில் போகாமல் நிற்க ஈ போட வேண்டும் என்பதால் அப்படி. மாப்பிள்ளையின் அப்பா பெயர் அவருடைய பழைய ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் இன்னொரு மாதிரியும் இருக்க வாய்ப்பு அதிகம். கல்யாணப் பதிவுப் படிவத்தில் மாப்பிள்ளை பக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் பிரெஞ்சுப் பதிவேட்டில் உள்ளபடியே, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். டைப் அடிக்கும் தம்பி ‘இது தப்பு ஸ்பெல்லிங் சார்’ என்று திருத்தப் பார்ப்பார், விடாதீர்கள். சான்றிதழ் அச்சாவதற்கு முன் திரையில் காட்டும்போது இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, கல்யாணத்துக்குப் பிறகு வரும் தப்பு. தாலி ஏறிய மறு வாரம் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போட்டு ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் மாற்றிவிடுவார்கள். பிரான்ஸில் அதற்கு அவசியமே இல்லை. 1794 முதல் அங்கே சட்டப்படி ஒருவரின் பெயர் பிறப்புப் பதிவில் உள்ளதுதான். கல்யாணத்தால் அது மாறாது. கணவர் பெயரைப் புழக்கத்துக்காகச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. விசாவும் குடியிருப்பு அட்டையும் பிறந்த பெயரில்தான் ஓடும். எதையும் மாற்றாமல் விடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் பத்திரிகையில் போட்டுக்கொள்ளட்டும், பாஸ்போர்ட்டில் வேண்டாம்.

பிறப்புச் சான்றை இன்றே எடுத்துப் பாருங்கள். பழைய சான்றுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. ‘பெண் குழந்தை’, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, அத்துடன் முடிந்தது. பெயரைச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் 15 ஆண்டு வரம்பு உண்டு. அது தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது அறிவிக்கும் கால நீட்டிப்பில்தான் சேர்க்க முடியும், நகராட்சியில் கேளுங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியர் அலுவலகம் மூலம் உத்தரவு பெற்று, தாமதப் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பள்ளிக்கூடத்துத் தேதி. ஜூனில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட பிறந்த தேதி டிசியிலும் அங்கிருந்து பாஸ்போர்ட்டிலும் ஏறியிருக்கும், நகராட்சிப் பதிவில் உண்மைத் தேதி வேறாக இருக்கும். தேதி மாறினால் விளக்கக் கடிதம், நோட்டரி அபிடவிட் எதுவும் எடுபடாது. பாஸ்போர்ட்டைத்தான் பிறப்புச் சான்றுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

மாப்பிள்ளை பக்கமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள 6 மாத அவகாசம் தந்தார்கள். தாத்தா அப்போது எழுதிக் கொடுத்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் இவை. தாத்தாவின் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன் புத்தகம் பத்திரமாக இருக்கும், ஆனால் பேரனின் பிறப்பு நான்ட் நகரத்திலுள்ள மத்தியப் பதிவகத்தில் ஏறியிருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மாப்பிள்ளை பிறந்தது புதுச்சேரியில் என்றால் அவருடைய பிறப்புப் பதிவின் முழுப் பிரதி அங்கிருந்துதான் வர வேண்டும், அதுவும் 3 மாதத்துக்குள் எடுத்ததாக. புதுச்சேரி நகராட்சிச் சான்று அதற்கு ஈடாகாது.

கல்யாணம் பதிவானதும் இரண்டாவது படி. இந்தியத் திருமணச் சான்றிதழை அப்போஸ்தில் செய்ய வேண்டும், அதாவது வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு முத்திரை வாங்க வேண்டும். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சகக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மீதி ஏஜென்சியின் கூலி. அதே கையோடு பிறப்புச் சான்றுக்கும் போட்டுவிடுங்கள். முத்திரை அசல் மேல் விழ வேண்டும். லேமினேட் செய்த சான்று வைத்திருந்தால் அதை மறந்துவிட்டு கியூஆர் குறியுள்ள புதுப் பிரதி எடுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் புதுச்சேரியில் உள்ள, தூதரகம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளரிடம் அப்போஸ்தில் முடிந்த பிறகு கொடுங்கள். முத்திரையில் உள்ளதையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பதால் முன்னால் கொடுத்தால் இரண்டு முறை காசு.

இந்தச் சான்றோடு கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றக் கேட்க வேண்டும். கேட்பவர் மாப்பிள்ளை, பெண் அல்ல. பதிவு ஏறியதும் குடும்பப் புத்தகம் தருவார்கள், புதுச்சேரிக்காரர்கள் ‘லிவ்ரே’ என்பது அதைத்தான். தகுதிச் சான்று முன்பே வாங்கி, பெயரெல்லாம் ஒத்துப்போனால் இந்தப் படி சுலபம். படிவத்தில் ‘திருமண ஒப்பந்தம் உண்டா’ என்ற கேள்வியை எல்லோரும் யோசிக்காமல் ‘இல்லை’ என்று நிரப்புகிறார்கள். ஒப்பந்தம் இல்லாமல் முதல் குடித்தனம் பிரான்ஸில் என்றால், கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்துச் சேர்ப்பது இருவருக்கும் பொது என்ற அந்நாட்டு முறை பொதுவாகப் பொருந்தும். பெண்ணுக்கு அது பாதகமில்லை. ஆனால் கடலூரில் நிலம் வாங்கிப் போடும் எண்ணம் உள்ளவர்கள் தெரிந்துகொண்டு ‘இல்லை’ போடலாம்.

அதன் பிறகு விசா. பிரெஞ்சு விசா இணையதளத்தில் படிவம், புதுச்சேரியிலேயே உள்ள விண்ணப்ப மையத்தில் கைரேகையும் ஆவணமும். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கியதாகவும் இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும். வரும் விசா, குடியிருப்பு அனுமதிக்குச் சமமான நீண்டகால விசா, அதிகபட்சம் ஓராண்டு. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் ஸ்டிக்கரில் பெயர், தேதி, விசா வகை மூன்றையும் பாருங்கள்.

போய் இறங்கிய 3 மாதத்துக்குள் இந்த விசாவை ஆன்லைனில் உறுதிசெய்து மின்முத்திரை வாங்க வேண்டும். மறந்தால் சட்டப்படி தங்கும் உரிமையே போய்விடும், ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. கணவர் மனைவிக்காகத் தன் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, வரும் கடிதங்களைப் பார்க்காமல் விடுவது சகஜமான தப்பு. தங்கைக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் இருக்கட்டும். பிறகு குடியேற்ற அலுவலகம் கூப்பிடும், மொழித் தேர்வு வைக்கும், குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும், நான்கு நாள் குடிமை வகுப்பு. அனுமதி முடியும் தேதிக்கு 4 மாதம் முதல் 2 மாதம் முன்பு வரை புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அடுத்து வருவது 2 ஆண்டு அட்டை.

பிரெஞ்சு இங்கேயே ஆரம்பிக்கட்டும். 2026 ஜனவரி 1 முதல் அந்த 2 ஆண்டு அட்டைக்கு ஏ2 என்ற மொழி நிலை, 10 ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று உயர்த்திவிட்டார்கள், ஒரு குடிமைத் தேர்வும் சேர்ந்திருக்கிறது. புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் படித்து, டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் ஏ2 எழுதிவிட்டுப் போனால் அந்தச் சான்றுக்குக் காலாவதி கிடையாது. தூதரகத்தில் பேப்பர் நகரும் மாதங்களை இதற்குப் பயன்படுத்தாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வீணாகத் தோன்றுகிறது. குடியுரிமைக்குக் கல்யாணமாகி 4 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அது அப்போது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒருவேளை இருவரும் கடலூரிலேயே இருப்பதாக மனம் மாறினால் வழி தலைகீழ். மாப்பிள்ளைக்கு ஓசிஐ ஏற்கெனவே இருந்தால் பிரச்சினையே இல்லை. புதுச்சேரி வம்சாவளி மூலம் எடுக்க முடியாதவர் என்றால், இந்தியரின் கணவர் என்ற முறையில் எடுக்கலாம். ஆனால் பதிவான திருமணம் தொடர்ந்து 2 ஆண்டு நிலைத்திருந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அதுவரை என்ட்ரி விசா. கல்யாணத்துக்கு அவர் விசாவில் வந்து உங்கள் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் வருகைப் படிவத்தை வீட்டுக்காரர் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் அது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கிளம்பும்போது பிறப்புச் சான்று, திருமணச் சான்று இரண்டிலும் அப்போஸ்தில் போட்ட அசலையும் மொழிபெயர்ப்பையும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், செக்-இன் பெட்டியில் அல்ல. முடிந்தால் பிறப்புச் சான்று இரண்டு பிரதி. அங்கே மருத்துவக் காப்பீட்டு எண் வாங்க முதலில் கேட்பது அதைத்தான். பெண் என்பதற்கு 2, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண், மாதம், வெளிநாட்டில் பிறந்ததற்கு 99, இந்தியாவுக்கு 223, பிறகு வரிசை எண் என்று அந்த எண்ணையே பிறப்புச் சான்றிலிருந்துதான் கட்டுகிறார்கள். வாத்தியார் போட்ட மாதம் அதில் ஏறிவிட்டால் திருத்துவதற்கு மறுபடி கடலூர் நகராட்சிக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும்.